நாணயமான என்கிற பெயரடை

சில பெயரடைகள் பொருளைப் பற்றி மட்டும் பேசுகின்றன. சில, பேசுகிறவனையும் சேர்த்து இழுத்துக்கொள்கின்றன. 'சிவப்பான சட்டை' என்று சொன்னவனுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. கண் உள்ள எவனும் சரிபார்த்துக்கொள்ளலாம். 'நாணயமான மனிதர்' என்பது அப்படியல்ல. பார்த்த மாத்திரத்தில் சரிபார்க்க முடியாத ஒன்றை அங்கே சொல்கிறோம். கேட்பவன் நம் வாக்கை நம்பித் தன் பணத்தை எடுத்துக் கொடுக்கிறான். ஆகவே இந்தச் சொல்லை வாக்கியத்தில் பிழையின்றி உபயோகிப்பது எப்படி என்ற கேள்வி இலக்கணத்தோடு முடிந்துவிடுவதில்லை என்று எனக்குப் படுகிறது.

காசுக்கும் நேர்மைக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் 'ஹானர்' வங்கிக்குள் வேறு வழியாக வந்தது. செக்குக்குப் பணம் கொடுத்தால் ஹானர், திருப்பினால் டிஸ்ஹானர். 1881ம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பாஷை இது. 138வது பிரிவு அதில் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, கணக்கில் பணமில்லாமல் செக் திரும்புவது குற்றமும் ஆயிற்று. மானம் அங்கே காகிதத்தின் மேல் ஏறிவிட்டது. தொட்டியத்தில் காகிதத்துக்கு மானம் போனதாக யாரும் சொல்வதில்லை. 'செக் திரும்பிடுச்சு' என்பார்கள். 'ஆள் நாணயம் தப்பிட்டான்' என்பார்கள். திரும்புவது காகிதம், தப்புவது மனிதன். இந்தப் பாகுபாட்டில் ஒரு தெளிவு இருக்கிறது.

காவிரியின் வடகரையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக உள்ள ஊர் இது. வாழை வைத்தவன் தார் வெட்டக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அதற்குள் உரம், முட்டுக்கம்பு, ஆள்கூலி எல்லாமே கடன்தான். 'அவர் நாணயஸ்தர், கொடுக்கலாம்' என்று ஒருவர் சொன்னால் 'நான் இருக்கிறேன்' என்பதும் அதில் அடக்கம். வாங்கியவர் முகம் காட்டாவிட்டால் சொன்னவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் என்கிறது 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128வது பிரிவில். சட்டம் கையெழுத்துக்குச் சொன்னதை ஊர் பெயரடைக்கே சொல்லி வைத்திருந்தது.

இதிலிருந்து உபயோக விதிகள் தாமே பிறக்கின்றன. இந்த அடையைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாது. தனக்குத் தானே ஜாமீன் நிற்க முடியாது என்பதுபோல. யாரிடம் காரியம் ஆக வேண்டியிருக்கிறதோ அவருக்கும் போட முடியாது. அங்கே அது கையூட்டு. பொய்த்தால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்ற நிலையில் யாருக்குமே போட முடியாது.

'மாண்புமிகு' இந்த விதிகளுக்கு வெளியே நிற்கிறது. காங்கிரஸ் காலத்து மந்திரிகளுக்கு முன்னால் 'கனம்' இருந்தது. 1967ல் ஆட்சி மாறியபின் அந்த இடத்துக்கு 'மாண்புமிகு' வந்தது. அது நாற்காலியின் அடைமொழி. உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் ஜாமீன் இல்லை, ஆகவே அதில் பொய்யும் இல்லை. ஷேக்ஸ்பியரின் ஆண்டனி, சீஸரின் பிணத்தருகே நின்று புரூட்டஸுக்கு மரியாதையான அடையைத் திரும்பத் திரும்பச் சூட்டும்போது செய்வது இதன் மறுதலை. மனிதனுக்குரிய அடையை வெறும் பட்டம்போல் அடுக்கிக்கொண்டே போகிறான். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் தன் ஜாமீனைக் கொஞ்சம் கொஞ்சமாக வாபஸ் வாங்குகிறான். ஜனங்களுக்கு இது புரிந்துவிடுகிறது.

வங்கியில் கணக்குத் துவங்க முன்பெல்லாம் ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். 2002க்குப் பின் கேஒய்சி விதிகள் வர, அடையாள ஆவணங்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. 2000ல் நிறுவப்பட்ட சிபில் இன்று மனிதனின் கடன் வரலாற்றை 300க்கும் 900க்கும் இடையில் ஓர் எண்ணாக்கித் தருகிறது. பெயரடை போய் எண் வந்திருக்கிறது. காற்றில் வாழை சாய்ந்து தவணை தவறியவனையும், பணத்தை வைத்துக்கொண்டே கட்டாதவனையும் அந்த எண் ஒரே தராசில்தான் நிறுக்கிறது. தாமதமான நாட்கள் அதில் ஏறும், காரணம் ஏறாது. 'நாணயமானவன்தான், காலம் கெட்டுப்போச்சு' என்று சொல்ல எண்ணுக்கு வாய் கிடையாது.

அதற்காகப் பழைய சொல்லைக் கும்பிட வேண்டியதில்லை. ஊர் யாருக்கு நாணயஸ்தர் என்று வாய் திறந்தது? நிலம் உள்ளவனுக்கு, சொந்த ஜாதிக்காரனுக்கு. தெருக்கோடியில் இருந்த கூலிக்காரன் எவ்வளவு நாணயமாக இருந்தாலும் அந்த அடையை அவனுக்குச் சொல்லக் கையெழுத்துள்ள ஆள் கிடைக்கவில்லை. எண் ஜாதி கேட்பதில்லை. தகுதியுள்ளவனுக்குச் சொல்லாமல் விட்டதும் உபயோகப் பிழைதான். அது பொய் சொல்வதற்குக் குறைந்ததல்ல.

நம் சிறுபத்திரிகை விமர்சனத்தில் இந்தச் சொல்லின் தம்பி ஒருவன் தாராளமாகப் புழங்குகிறான். 'நேர்மையான கவிதை', 'நேர்மையான குரல்' இத்யாதி. மதிப்புரை கேட்ட நண்பருக்கு, நாளை நம் தொகுப்புக்கு எழுதப்போகிறவருக்கு, என்று அது கைமாறிக்கொண்டிருக்கிறது. தேய்ந்த காசுபோல் அதில் முகம் தெரிவதில்லை. சி. சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து' ஆரம்பித்து 1970 வரை நடத்தியது கைக்காசைப் போட்டு. 1962ல் 'புதுக்குரல்கள்' தொகுப்பை வெளியிட்டதும், புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றதும் தம் ரசனைத் தீர்ப்புக்கு அவர் கட்டிய ஜாமீன் தொகை. அவர் கைகாட்டிய கவிதைகளில் இன்று எனக்கு ஒட்டாதவை உண்டு. ஆனால் தவறிய இடத்திலும் நஷ்டம் அவர் பையிலிருந்துதான் போயிற்று. வாசகன் பையிலிருந்து மட்டும் போகவில்லை.

விமர்சகனிடம் பணம் கேட்கவில்லை. ஓர் அடையைப் போடும்போது, அது பொய்த்தால் தன் அடுத்த தீர்ப்பை யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயமாவது அவனுக்கு வேண்டும். அந்தப் பயம் இல்லாத இடத்தில் சொல் சரியான எழுத்துக்கூட்டலோடு, சரியான இடத்தில், தவறாக உட்கார்ந்திருக்கிறது. ஜாமீன் நிற்க மனமில்லாதவன் அடையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொல்லலாம். 'இன்னார் இப்படி எழுதியிருக்கிறார்' என்றால் போதும். அதில் அவமரியாதை ஒன்றுமில்லை.