சும்மா தச்சேன்னு சொல்லாதீங்க!

போன தை மாதம் சித்தி மகளுக்கு வளைகாப்பு. பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு ஒட்டுப்போர்வை தைத்துக் கொண்டுபோயிருந்தேன். வளையல் அடுக்கி முடிந்ததும் பெண்கள் அதைப் பிரித்தார்கள். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போனது. கட்டம் கட்டமாகத் தடவிப் பார்த்த ஒரு பெரியம்மா, "யாருங்க தச்சது இது?" என்று கேட்டார்.

"நான்தானுங்க. சும்மா, பொழுது போகாம தச்சது" என்றேன்.

ஈரோட்டுக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் என் மகள் வாயே திறக்கவில்லை. ஒன்பதாவது படிக்கிறாள், அவள் பேசாமல் வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பெருந்துறை தாண்டியதும் ஆரம்பித்தாள். "ஆவணியில ஆரம்பிச்சே. ராத்திரி பத்தரை வரைக்கும் லைட்டு எரியும். கடகடன்னு மெஷின் சத்தத்துல எனக்குத் தூக்கம் வராது. அஞ்சு மாசம்! அதெல்லாம் சும்மாவா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு சொல்லின் மேல் எனக்கு வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை.

ஊசி பிடிக்கிறவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். கோலம் போடுகிறவர்கள், கூடை பின்னுகிறவர்கள், மொட்டைமாடியில் நாற்பது தொட்டி வைத்துக்கொண்டு "ஏதோ நாலு செடி" என்று சொல்கிற ஆண்களும் சேர்ந்து கேட்கலாம். எத்தனை முறை உங்கள் கைவேலையை உங்கள் வாயாலேயே கொன்றிருக்கிறீர்கள்? கேட்டால் அடக்கம் என்பீர்கள். அடக்கமாக இருப்பது வேறு. செய்த வேலையை அடக்கம் செய்துவிட்டு வருவது வேறு. நாம் செய்வது இரண்டாவது. குழி வெட்டி, மண் தள்ளி, பால் ஊற்றிவிட்டு "சும்மாதானுங்க" என்று சிரித்துக்கொண்டு நிற்கிறோம்!

அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன இருந்தது என்று சொல்கிறேன்.

36 அங்குல அகலம், 48 அங்குல நீளம். தைத்து முடித்தபின் நாலு அங்குலம் நிற்கும் கட்டங்கள், வரிசைக்கு ஒன்பது, மொத்தம் பன்னிரண்டு வரிசை. ஆக 108 துண்டுகள். வெட்டும்போது ஒவ்வொன்றும் நாலரை அங்குலம், ஏனென்றால் நாலு ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். இந்தக் கால் அங்குலம்தான் ஒட்டுத்தையலின் உயிர். ஒரு ஓரத்தில் வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். இரண்டு துண்டும் சேருகிற இடத்தில் அரைக்கால் அங்குலம் போச்சு. வரிசைக்கு எட்டு இணைப்பு. முழுசாக ஒரு அங்குலம் காணாமல் போய், 36க்கு 35 வந்து நிற்கும். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. இதை நூல் கனத்தில் கவனித்து, ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டு, ஒரு வரிசையின் மடிப்பை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்பை இடப்பக்கமும் சாய்த்து, மூலைக்கு மூலை பொருத்துகிறவள் பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறாளா? இந்தத் துல்லியத்தோடு ஒருவர் வீடு கட்டினால் மேஸ்திரி என்று மரியாதையாகக் கூப்பிடுகிறோம்.

நேரம் எங்கே கிடைத்தது? கிடைக்கவில்லை, திருடினேன். கிரைண்டரில் மாவு அரைபடும் நாற்பது நிமிடம். மகள் டியூஷன் போய்வரும் ஒரு மணி நேரம். அம்மா வீட்டிலிருந்து சீதனமாக வந்த உஷா கால்மிதி மெஷினுக்குக் கரண்ட் வேண்டாம் என்பதால், மாதாந்திர மின்தடை நாள் முழுக்க எனக்குத் திருவிழா. குக்கர் விசில் எண்ணத் தவறி இரண்டு முறை பருப்பு தீய்ந்தது. கீழே விழுந்த குண்டூசியை மிதித்துவிட்டு என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்று போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அன்றிலிருந்து ராத்திரி படுக்குமுன் ஒரு காந்தத்தைத் தரையில் உருட்டி ஊசி பொறுக்குவது அவர் வேலை. திட்டிக்கொண்டேதான் செய்கிறார், ஆனால் செய்கிறார்.

பெரிய எதிர்ப்பு அத்தையிடமிருந்துதான் வந்தது. "சென்னிமலைப் போர்வை கடைகடையாத் தொங்குது. நீ எதுக்கு அம்மிணி கந்தையைக் கோத்துட்டு உக்காந்திருக்கே?"

கந்தை! அந்தச் சொல்லுக்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை. வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, அதே புடவைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்டு உருவாக்கிய கலைக்குப் பெயர் காந்தா. நம் கந்தைக்கும் அதற்கும் சொல்லிலேயே உறவு உண்டு. அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்துக் கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளில் சித்தி இன மக்கள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவண்டி என்று பெயர். ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். பூ வைக்காமல் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை. கிழிசல் துணிக்குப் பூ வைத்து அனுப்புகிற கைகள் அவை. நாமோ புதுத்துணியில் தைத்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிகிறோம்.

இந்த இடத்தில் ஹேரியட் பவர்ஸைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் ஏதன்ஸ் என்ற ஊருக்கு அருகில் விவசாயக் குடும்பம் நடத்தினார். ஆதாம் ஏவாள், காயீன் ஆபேல், யாக்கோபின் கனவு என்று வேதாகமக் கதைகளைத் துணியில் வெட்டி, 11 கட்டங்களாக ஒரு குயில்ட், அதாவது ஒட்டுப்போர்வை, தைத்தார். 1886இல் அங்கே நடந்த பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை, ஆளைத் தேடிப்போய் விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் கிடையாது என்று பவர்ஸ் மறுத்துவிட்டார்.

சில வருஷம் கழித்து வீட்டில் கஷ்டம். பத்து டாலர் கேட்டார். ஆசிரியையால் தர முடிந்தது ஐந்து. கணவரும் சொல்லவே, கொடுத்தார். கொடுத்த விதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்து, இது இன்ன கதை, இவர் இன்னார் என்று விளக்கினார். ஆசிரியை எழுதிக்கொண்டார். அதன் பிறகும் தன் போர்வையைப் பார்க்க அந்த வீட்டுக்குப் பல தடவை போய்வந்தார், கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிற தாயைப்போல. இன்று அது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கைப்பட இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில்.

அந்த ஐந்து டாலரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் ஒன்று யோசியுங்கள். அடிமையாகப் பிறந்த அந்தப் பெண், படித்த ஆசிரியைக்கு முன்னால், "சும்மா தச்சதும்மா, ஏதோ பைபிள் கதை" என்று சொல்லி நீட்டியிருந்தால்? எழுதிவைக்க அங்கே என்ன இருந்திருக்கும்? விலை பாதியானது. பேச்சு பாதியாகவில்லை.

உங்கள் பேச்சு ஏன் பாதியாகிறது?

தப்பு செய்துவிடுவோம் என்ற பயமா? செய்யுங்கள்! என் முதல் போர்வையில் சிவப்புத் துணியைத் தனியாக நனைத்துப் பார்க்காமல் வெள்ளையோடு சேர்த்துத் தைத்தேன். முதல் அலசலிலேயே வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ் மில்க் நிறம். போதாக்குறைக்கு, வாங்கிய காடாத் துணியும் சுருங்கி ஓரமெல்லாம் நெளிந்துகொண்டது. குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு வாரம் மெஷின் பக்கமே போகவில்லை. இப்போது எந்தத் துணி வந்தாலும் முதலில் தனி வாளி; ஈரமாக இருக்கும்போதே வெள்ளைத் துணியால் ஒத்திப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்றால்தான் கத்தரி. அந்த ரோஸ் மில்க் போர்வைதான் என் மகளுக்கு இன்றும் பிடித்தது. பரீட்சை நாளில் அதைப் போர்த்திக்கொண்டுதான் படிக்கிறாள்.

பரணில் கிடக்கிறதே, அந்தப் பாதி வேலையா உங்களை அவமானப்படுத்துகிறது? அமெரிக்கக் குயில்ட்காரர்கள் முடிக்காமல் வைத்திருப்பதை யுஎஃப்ஓ என்கிறார்கள். பறக்கும் தட்டு இல்லை, முடியாத பொருள் என்று வேடிக்கையாக விரித்துக்கொள்வார்கள். பெயர் வைத்துச் சிரிக்கிற அளவுக்கு எல்லார் வீட்டிலும் அது இருக்கிறது. ஆக, ஏறுங்கள் பரணில்! இன்றைக்கே அந்த மூட்டையை இறக்குங்கள். எலி கடித்த துண்டை எறியுங்கள், மிச்சத்தை எண்ணுங்கள். நாளைக்கு ஒரே ஒரு வரிசை. ஒன்பது துண்டு, எட்டு இணைப்பு. மாவு அரைபடுவதற்குள் முடிந்துவிடும்.

அடுத்த முறை யாராவது "நீங்க தச்சதா?" என்று கேட்டால், "ஆமாம், நான்தான்" என்று சொல்லி நிறுத்துங்கள். அந்த முற்றுப்புள்ளி வைப்பது 108 துண்டு தைப்பதைவிடக் கஷ்டம். நானும் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். சிரிக்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்தே இன்னொரு கதை. அலபாமா ஆற்றின் வளைவில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண், 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து, அவர் நினைவாகப் போர்த்திக்கொள்ள ஒரு குயில்ட் தைத்தார். அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொங்கின. 2006இல் அமெரிக்காவின் தபால்தலைகளில் வந்தன. இதைப் படித்த அன்று எங்கள் மாமாவின் சட்டைகள் ஞாபகம் வந்தன. மஞ்சள் மண்டியில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர். வெள்ளைச் சட்டைதான் போடுவார்; எத்தனை துவைத்தாலும் கைமடிப்பில் மஞ்சள் நிற்கும். அவர் போய் இரண்டு வருஷமாகியும் அத்தை அந்தச் சட்டைகளைத் தகரப்பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

கேட்டேன். மூன்று நாள் யோசித்து, ஒன்பது சட்டைகளை எண்ணிக் கொடுத்தார். மஞ்சள் கறை தெரிகிற துண்டுகளை நடுவில் வைத்தேன். ஒரு பாக்கெட்டை மட்டும், பேனா மை கசிந்த நீலத்தோடு, பிரிக்காமல் அப்படியே ஒரு கட்டமாக விட்டேன். உள்ளே வைத்தது அத்தையின் பழைய நூல் புடவை. வெட்டியதிலிருந்து ஓரம் மடித்தது வரை நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்: 63 மணி நேரம். பின்பக்க மூலையில் என் பெயரையும் வருஷத்தையும் நூலால் எழுதினேன். முதல் தடவையாக.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பார்த்தால், அந்தப் பாக்கெட்டுக்குள் மாமாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது.

போன வாரம் எதிர்வீட்டு அம்மா வந்திருந்தார். நான் அடுப்படியில் தோசைக் கல்லோடு நின்றிருந்தேன். திண்ணையில் பேச்சு கேட்டது.

"இதே மாதிரி எனக்கும் ஒண்ணு தச்சுத் தருவாளா உங்க மருமக?"

"தருவா. ஏழாயிரம் ஆகும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு விலையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏழாயிரமா! கொஞ்சம் பார்த்துப் போட்டுத் தரச் சொல்லுங்க."

"அதெல்லாம் குறைக்க மாட்டாளுங்க" என்றார் அத்தை.