வேகமும் அளவும்

இல்லறத்தார் நாள்தோறும் செய்யும் சிறு முடிவுகளுள் பல, அறத்தோடு தொடர்பில்லாதவை போலத் தோன்றும். எந்தக் கடையில் மளிகை வாங்குவது, எந்த வண்டியில் ஊருக்குச் செல்வது, யாரிடம் இணைய இணைப்புப் பெறுவது என்பனவெல்லாம் வரவு செலவுக் கணக்கைச் சேர்ந்தவை என்றே எண்ணுகிறோம். ஆயினும் ஊன்றி நோக்கின், இத்தகைய சிறு முடிவுகளிலேதான் நம் ஆசையின் அளவும் பிறர்பால் நமக்குள்ள கடப்பாடும் வெளிப்படுகின்றன. சென்னையிலுள்ள எங்கள் இல்லத்தில் சென்ற ஆண்டு எழுந்த ஒரு வினா இதனை எனக்கு உணர்த்தியது. பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வந்த கேபிள் வழி இணைய இணைப்பை விட்டு, வீடு வரை கண்ணாடி இழையாகவே வரும் ஒளியிழை இணைப்புக்கு மாறுவதா, வேண்டாவா என்பதே அவ்வினா.

மாற வேண்டும் என்றவள் என் மகள். வேண்டா என்றவன் நான். அவள் மாலை வேளைகளில் வெளியூர் மாணவர்களுக்கு இணைய வழியே கணிதம் கற்பிக்கிறாள். ஏழு மணிக்கு மேல் அவள் குரல் மாணவர்களுக்குத் துண்டு துண்டாகக் கேட்கும். திரையில் எழுதும் கணக்குப் பாதியில் உறைந்து நிற்கும். "டீச்சர், கேட்கவில்லை" என்னும் பிள்ளைகளின் குரல் மட்டும் தெளிவாக எங்கள் கூடத்தில் ஒலிக்கும். நானோ, "இருப்பதைக் கொண்டு நிறைவு கொள்வதே அறம், வேகத்தின் பின் ஓடலாகாது" என்று கூறி வந்தேன். அன்று அச்சொல் என் செவிக்கு இனிமையாகவே இருந்தது. அதனுள் மறைந்திருந்த பிழை பின்னரே எனக்குப் புலனாயிற்று.

வழக்கின் இருபுறத்தையும் ஆராய, முதற்கண் இவ்விரு கம்பிகளின் இயல்பை அறிதல் வேண்டும். கேபிள் என நாம் வழங்குவது, நடுவே ஓர் உலோகக் கம்பி, அதனைச் சுற்றி மின்கடத்தாப் பொருள், அதன்மேல் உலோக வலை, வெளியே கறுப்பு உறை என அமைந்த வடமாகும். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போருக்குப் பின் நம் நகரங்களில் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி இவ்வடம் தாவிச் சென்றது தொலைக்காட்சிக்காகவே. நிலையத்திலிருந்து வீட்டுக்குப் படம் வந்தால் போதும்; வீட்டிலிருந்து நிலையத்துக்கு எதுவும் செல்ல வேண்டியதில்லை. எனவே அது பெறுவதற்கான பாதையாகவே வகுக்கப்பட்டது.

1997ஆம் ஆண்டில் அதே வடத்தின் வழியே இணையத்தை அனுப்புவதற்குரிய பொது நெறிமுறை வெளிவந்தது. அப்போது, திரும்பிச் செல்லும் செய்திகளுக்கு அப்பாதையின் ஓரத்தில் ஒரு குறுகிய இடமே கிடைத்தது. கேபிள் இணைப்பில் பதிவிறக்கம் விரைவாகவும் பதிவேற்றம் மெதுவாகவும் இருப்பதன் காரணம் இதுவே. எங்கள் வீட்டில் நொடிக்கு 40 மெகாபிட் வந்தது. ஆனால் 3 மெகாபிட்டே வெளியே சென்றது. மேலும், தெருவிலுள்ள பல வீடுகள் ஒரே வடத்தின் கொள்ளளவைப் பங்கிட்டுக் கொள்வதால், எல்லாரும் வீடு திரும்பும் மாலைப் பொழுதில் அந்த மூன்றும் ஒன்றாகக் குறையும். பாடம் கேட்பவருக்கு அவ்வடம் போதும். பாடம் சொல்பவருக்குப் போதாது.

ஒளியிழையின் வரலாறு வேறு. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்னும் அறிஞருடன் லண்டனில் ஆராய்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே படத்தைச் செலுத்த இயலும் என்பதை 1954ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். ஆயினும் அக்காலக் கண்ணாடியில் ஒளி சிறிது தொலைவிலேயே மங்கிவிட்டது. குறை கண்ணாடியின் இயல்பில் இல்லை, அதில் கலந்துள்ள மாசுகளிலேயே உள்ளது. மாசு நீங்கின் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்று 1966ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் சார்லஸ் காவ். அதற்காக 2009ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இன்று நம் வீட்டுக்கு வரும் இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதி, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் சிறியது. ஒரே இழையில் வருவதற்கு ஓர் அலைநீளமும் செல்வதற்கு மற்றோர் அலைநீளமும் இருப்பதால், பெறும் அளவுக்குத் தரவும் வழியுண்டு.

இதிலும் பங்கீடு உண்டு என்பதைப் பலர் அறியார். பரவலாக உள்ள ஓர் அமைப்பில், நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட் கொண்டுவரும் ஓர் இழை, மின்சாரம் வேண்டாத ஒரு சிறு பிரிப்பானின் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஆகவே கேபிளில் அயலாரோடு பங்கிட்டோம், ஒளியிழையில் தனித்து நுகர்கிறோம் என்பது உண்மையன்று. முன்பு பங்கீடு தடையாக உணரப்பட்டது, இப்போது உணரப்படவில்லை. அவ்வளவே வேறுபாடு.

இனி, வினாவுக்கு வருவோம். இம்மாற்றம் தேவையா, ஆசையா? தேவையின் எல்லை ஓரிடத்தில் நிற்பதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். 2004ஆம் ஆண்டில் அரசு வகுத்த கொள்கையின்படி நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது அகன்ற அலைவரிசை. 2023ஆம் ஆண்டில் அவ்வரையறை 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. அதாவது ஏறத்தாழ எட்டு மடங்கு. நேற்றைய மிகுதி இன்றைய குறைந்த அளவாகிறது. எனவே, "என் இளமையில் இது இல்லாமலே வாழ்ந்தேன்" என்பது முழுமையான வாதமாகாது.

ஆனால் மறுபுறமும் உண்டு. தெளிவான திரைப்படம் ஒன்றைக் காண நொடிக்கு 5 மெகாபிட் போதும். மிகக் கூர்மையான 4கே படத்திற்கும் 25 மெகாபிட் இருந்தால் குறைவில்லை. அவ்வாறிருக்க, இணைப்புத் தர வந்தவர்கள் எங்கள் முன் விரித்த பட்டியல் 100, 300, 1000 என ஏறிக்கொண்டே சென்றது. "இன்னும் சிறிது கொடுத்தால் மூன்று மடங்கு" என்னும் சொல்லைக் கேட்டதும், வேண்டா என்று வாதிட்ட என் மனமே மூன்று மடங்கின்பால் சாய்ந்ததைக் கண்டு வியந்தேன். எதற்கு வேண்டும் என்று அது கேட்கவில்லை. எவ்வளவு கிடைக்கும் என்றே கேட்டது. தேவை ஒரு வேலையைச் சுட்டிக்காட்டும். ஆசை ஓர் எண்ணைத்தான் சுட்டிக்காட்டும். இவ்விரண்டையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

என் மகளின் தேவை வேலையைச் சுட்டியது. மாணவர்கள் எழுப்பும் ஐயத்துக்கு அவள் கூறும் விடை அவர்களைச் சென்றடைய வேண்டும். அதற்குரிய பதிவேற்றம் கேபிளில் இல்லை. அந்நிலையில் "போதும்" என்று நான் கூறியது எவருடைய நிறைவு? என் செய்தித்தாளும் என் மின்னஞ்சலும் எனக்குத் தடையின்றி வந்தன. குறையை அனுபவித்தவள் அவள். நிறைவைப் போதித்தவன் நான். பிறர் தோளில் சுமையை ஏற்றிவிட்டுத் தன் எளிமையைப் புகழ்வது எளிமையாகாது. என் சொல்லில் இருந்த முதற்பிழை இதுவே.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. மெதுவான இணைப்பு எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கை நிலைநிறுத்தியிருந்தது. படம் இடையில் நின்று வட்டமிடும்போது பேரன் சலித்து எழுந்து விளையாடச் செல்வான். நானும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கச் செல்வேன். வேகம் வந்தால் இவ்வொழுங்கு குலையும் என்று அஞ்சினேன். அச்சம் பொய்யன்று. ஆனால் அவ்வொழுங்கு எங்களுடையதா? கம்பியின் குறையால் விளைந்த அடக்கத்தை நம் அடக்கம் எனக் கொள்ளலாமா? கையில் காசில்லாதவன் கடைத்தெருவில் ஒன்றும் வாங்காமல் திரும்புவதை நாம் துறவு என்பதில்லை. வாங்க இயலும் நிலையில் வேண்டா என்பவனே தன்னை அளந்தவன். புறத்தடை இருந்தவரை அகத்தடைக்கு வேலையில்லை. புறத்தடை நீங்கும்போதுதான் அகத்தடை உண்டா இல்லையா என்பது தெரியவரும்.

இவ்வாறு எண்ணியபின் மாறுவது என்று துணிந்தோம். அப்போது மூன்றாவது கேள்வி எழுந்தது. எங்கள் தெருவுக்குக் கேபிள் இழுத்தவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எங்களுக்குப் பழக்கமானவர். மழையிலும் மாடியேறி வடத்தை ஒட்டித் தந்தவர். தெருவில் ஒளியிழைக்கு மாறியோர் தொகை கூடக்கூட அவர் வருவாய் குறைந்து வந்ததை அறிவேன். நம் வசதிக்காக அவரை விடுவது முறையா? முறையன்று எனின், அவருக்காக மகளின் தொழிலைக் கெடுப்பது முறையா?

அவரை வீட்டுக்கு அழைத்து, "தம்பி, நாங்கள் மாறலாம் என்று இருக்கிறோம்" என்று தயங்கித் தயங்கிக் கூறினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாறுங்கள் ஐயா. பிள்ளையின் வேலை கெடக்கூடாது. நீங்கள் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். மற்றவர்கள் வீட்டில், பணம் வாங்கப் போகும்போதுதான் பெட்டியைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்க்கிறேன்" என்றார். தாமும் ஒரு நிறுவனத்துக்காக ஒளியிழை இழுத்துத் தரும் பணியைக் கற்று வருவதாகக் கூறினார். அது நிலைக்குமா என்று கேட்டேன். "பார்க்கலாம் ஐயா" என்றார்.

அச்சொற்கள் என் கேள்விக்குப் பாதி விடை தந்தன. விலகுவது குற்றமன்று, விலக்கப்படுபவர் ஒரு மனிதர் என்பதை மறந்து விலகுவதே குற்றம். குறைபாடுள்ள இணைப்பை இரக்கத்தினால் மட்டும் வைத்துக்கொள்வது, உழைப்பவரை இரவலராக்குவதாகும். அதை அவரே விரும்பவில்லை. முன்னரே சொல்வது, நிலுவையைத் தீர்ப்பது, அவருடைய கருவியைச் சேதமின்றி ஒப்படைப்பது, அவர் வேறு பணிக்கு வருவாராயின் முதலில் அவரை நாடுவது ஆகியன நம் கடன். மீதிப் பாதிக்கு விடையில்லை என்பதையும் மறைக்காமல் கூறுகிறேன். எங்கள் மகளின் குரல் தெளிவாயிற்று. அதே மாதத்தில் அவர் ஏட்டில் ஒரு வீட்டின் பெயர் அடிபட்டது. நன்மை ஒன்று செய்யும்போது அதன் நிழலையும் கண்டு நடக்க வேண்டும். நிழல் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாகாது.

பழைய வடத்தைப் பற்றியும் ஒரு சொல். இணைப்பு மாறிய பின் அறுந்த கேபிள்கள் மரக்கிளைகளிலும் மாடிச் சுவர்களிலும் ஆண்டுக்கணக்காகத் தொங்குவதைக் காண்கிறோம். பயனற்ற மோடம்கள் குப்பைத் தொட்டியில் விழுகின்றன. மின்னணுக் கழிவுக்கென 2022ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன; உரிய இடத்தில் ஒப்படைக்க வழியும் உண்டு. நாம் விட்டதை நாமே அகற்றுவதும் மாற்றத்தின் ஒரு பகுதியே.

இறுதியாக, ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று உளது. பட்டியலில் மகளின் பணிக்குப் போதுமானதாக இருந்த மிகச் சிறிய திட்டத்தையே தேர்ந்தோம். அவள் வகுப்பு அன்று முதல் தடையின்றி நடந்தது. பேரனுக்கு நேரம் வகுத்தோம். அவனும் பெரும்பாலும் அதன்படி நடந்தான். எனக்கு மட்டும் எவரும் நேரம் வகுக்கவில்லை. இரண்டாம் மாதத்தில் ஓர் இரவு, ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வரும் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தபோது கடிகாரம் ஒன்று அடித்தது. நிறைவைப் பற்றிப் பேசியவன் நானே. மறுநாள் முதல் இரவு ஒன்பதரை மணிக்கு இணைப்புப் பெட்டியின் மின்விசையை அணைக்கும் பொறுப்பைப் பேரனிடம் ஒப்படைத்தேன். அவன் ஒரு நிமிடமும் தவறுவதில்லை.

உலையில் இடுமுன் அரிசியை அளக்கிறோம். சோறாகிப் பொங்கி வழியும்போது படியைத் தேடுவதில்லை. வேகத்துக்கும் அதுவே முறை. நம் இல்லங்களில் இம்மாற்றத்தைக் கருதுவோர், எத்தனை மெகாபிட் என்று கேட்குமுன், எந்த வேலைக்கு, யார் பொருட்டு, நாளில் எத்தனை நாழிகை, இதனால் குறைவெய்துபவர் யார் என்னும் நான்கையும் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து பேசி அளந்து கொள்வாராக. அவ்வாறு அளந்த பின் எவ்வளவு விரைவான இழை வந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை.