ஊசியும் அமானிதமும்

1968ஆம் ஆண்டு. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. திருவள்ளூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர் வீடு வீடாகப் படியேறினர். பிறந்து ஒரு திங்கள் கடந்த குழவி முதல் கோலூன்றும் முதியவர் வரை அனைவர் பெயரும் ஏட்டில் ஏறியது. பதிவானவர்கள் 3,66,625 பேர். அவர்களுள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2,81,161 பேர். எலும்புருக்கி நோயைத் தடுக்கும் எனப்பட்ட பி.சி.ஜி. ஊசி அது.

ஆனால் எல்லாருக்கும் ஒரே மருந்து செலுத்தப்படவில்லை. ஒரு சாராருக்கு முழு அளவு. ஒரு சாராருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. எஞ்சியோருக்கு மருந்தே இல்லாத வெறும் நீர்மம். யாருக்கு எது என்பதைத் திருவுளச் சீட்டுப் போன்றதொரு முறையே முடிவு செய்தது. ஊசி போட்டவருக்கும் அது தெரியாது. கை நீட்டியவருக்கும் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவை கைகோத்து நடத்திய இம்முயற்சியே மருத்துவ உலகில் ‘செங்கற்பட்டு ஆய்வு’ எனப் பெயர் பெற்றது.

இதைக் கேட்டவுடன் நெஞ்சில் ஒரு கேள்வி எழாமலிராது. நோய் தீர்க்க வந்தவர் நம்பிக் கை நீட்டிய ஏழைக்கு வெறும் நீரைச் செலுத்துவது அறமாகுமா?

அறியாமையை ஒப்புக்கொள்ளுதல்

விடை காணுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். நம் நாட்டில் பி.சி.ஜி. இயக்கம் 1948இல் தொடங்கியது. ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக ஊசி போடப்பட்டது. 1955இல் மூதறிஞர் இராஜாஜி இதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவரைப் பழமைவாதி என்று பலர் எள்ளினர். ஆனால் அவர் எழுப்பிய ஐயத்தில் ஓர் உண்மை இருந்தது: பயன் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படாத ஒன்றை ஒரு நாட்டின் பிள்ளைகள் அனைவருக்கும் செலுத்தலாமா?

அந்நாளில் உலக அறிஞர்களே ஒருமித்த கருத்தில் இல்லை. பிரிட்டனில் பள்ளிச் சிறாரிடையே நடந்த ஆய்வு, இந்த ஊசி நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பைத் தருகிறது என்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் நடந்த ஆய்வோ பயன் மிகச் சிறிதே என்றது. இங்கிலாந்தின் மண்ணும் வேறு, நம் மண்ணும் வேறு. எனவே நம் மக்களுக்கு இது பயன்படுமா என்பதை நம் மண்ணிலேயே கண்டறிவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பயன் தெரியாத மருந்தை அனைவருக்கும் கொடுப்பதும் ஒரு சோதனையே. அதற்குக் கணக்கு இல்லை, ஏடு இல்லை, விடையும் இல்லை. பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேரை விட்டுவைத்து உண்மையைத் தேடுபவன் தன் அறியாமையை ஒப்புக்கொள்கிறான். அனைவருக்கும் கொடுப்பவன் தன் அறியாமையை அறிவென்று நினைத்துக்கொள்கிறான். இருவருள் யார் மக்களைக் கொண்டு துணிந்து விளையாடுகிறார்?

இக்கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. கி.பி. 925இல் மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸி, மூளை அழற்சியின் அறிகுறிகள் கண்ட நோயாளிகளுள் ஒரு சாராருக்குக் குருதி வெளியேற்றும் சிகிச்சை அளித்து, மற்றொரு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டுவைத்ததாகத் தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். அவர் மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்ட ‘அல்-ஹாவீ’ எனும் பெருநூலில் அது இடம்பெற்றுள்ளது. ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது என்பதை அவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார். குருதி வெளியேற்றியதால்தான் முதற் சாரார் பிழைத்தனர் என்று அவர் முடிவு கட்டினார். அச்சிகிச்சை அந்நோயைத் தீர்ப்பதன்று என்பதை இன்றைய மருத்துவம் அறியும். எங்கே பிழை நேர்ந்திருக்கும்? நோயாளரைப் பிரித்தவர் அவரே. முடிவை எதிர்பார்த்தவரும் அவரே. மேதையின் கண்ணையும் அவனுடைய விருப்பம் மறைக்கும். அதனால்தான் பிற்காலத்து அறிஞர் பிரிக்கும் வேலையை மனிதன் கையிலிருந்து எடுத்துத் திருவுளச் சீட்டிடம் ஒப்படைத்தனர்.

மண் சொன்ன விடை

திருவள்ளூர்ச் சிற்றூர்களுக்கு ஆராய்ச்சிக் குழுவினர் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தனர். ஏழரை ஆண்டு முடிவில், 1979இல் வெளியான முதல் அறிக்கை உலகையே திடுக்கிட வைத்தது. நுரையீரல் காசத்திலிருந்து பி.சி.ஜி. எவ்விதப் பாதுகாப்பும் அளித்ததாகத் தெரியவில்லை! பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் வெளியாயிற்று. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. சிறுவர்களிடையே 27 விழுக்காடு, அதுவும் உறுதியாகச் சொல்ல இயலாத அளவு. வெப்ப நாடுகளின் மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு நுண்ணுயிர்கள் நம் உடலை முன்னரே பழக்கிவிடுவதால் ஊசியின் ஆற்றல் வெளிப்படுவதில்லை என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம்.

இதனால் பி.சி.ஜி. பயனற்றது என்று பெற்றோர் எவரும் எண்ணிவிடலாகாது. பச்சிளங் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசத்தையும் உடலெங்கும் பரவும் காசத்தையும் அது தடுக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் தெளிவானது. ஆகவேதான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அது போடப்படுகிறது. ஆனால் அதை நம்பி நோயாளரைக் கண்டறிந்து குணப்படுத்தும் பணியில் அயர்ந்திருக்கலாகாது என்ற பாடத்தை உலகுக்குக் கற்பித்தவர்கள் திருவள்ளூரின் உழவர்களும் கூலியாட்களுமே.

வெறும் நீர் பெற்ற பெரியவர்கள் எதையும் இழக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆயின் முடிவு நன்றாக அமைந்ததால் செயலும் அறமாயிற்று என்று வாதிட முடியாது. ஊசி பெரும்பயன் தந்திருந்தால்? வெறும் நீர் பெற்றவர் பலர் நோயுற்றிருப்பர். செயலை எடைபோட வேண்டியது நிய்யத்தைக் கொண்டு. செய்தவர் அந்நேரத்தில் உண்மையாகவே அறியாதிருந்தனரா என்பதைக் கொண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை மேகநோயுற்ற கறுப்பின ஏழைகளைச் சிகிச்சையின்றி வைத்துக் கவனித்தனர். பெனிசிலின் அந்நோயைத் தீர்க்கும் என்று தெரிந்த பின்னரும் அதை மறைத்தனர். அறியாமல் விட்டுவைத்தல் ஆராய்ச்சி. அறிந்தும் விட்டுவைத்தல் கொடுமை. இரண்டுக்கும் இடையிலான கோடு இதுவே.

கையொப்பம் யாருடையது?

எனினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ‘உனக்குக் கிடைப்பது மருந்தாகவும் இருக்கலாம், வெறும் நீராகவும் இருக்கலாம்’ என்பதை அன்று கை நீட்டியவருள் எத்தனை பேர் விளங்கிக்கொண்டிருப்பர்? ஹெல்சிங்கி நகரில் உலக மருத்துவர் மன்றம் 1964இல் நெறிமுறைகளை வகுத்திருந்தது. நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் அறநெறி அறிக்கையை வெளியிட்டதோ 1980இல்தான். அதற்குள் திருவள்ளூரில் ஊசி போட்டு முடிந்து முதல் முடிவும் வந்துவிட்டது.

விதிகள் வந்த பின்னரும் தவறுகள் நின்றுவிடவில்லை. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்பட்டது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரின் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தனர். சிறுமியர் சிலரின் மரணத்திற்கு ஊசி காரணமன்று என விசாரணைக் குழு கண்டது. ஆயினும் பெற்றோரைக் கேளாமல் பிள்ளையின் கையைப் பற்றியது குற்றமே. அத்திட்டம் 2010இல் நிறுத்தப்பட்டது.

இன்று இம்முறை மருத்துவத்தோடு நிற்கவில்லை. வறுமை ஒழிப்பிலும் கல்வியிலும் கள ஆய்வுகளை நடத்திய மூவருக்கு 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளுள் பாதியைச் சீட்டுப் போல் தெரிவு செய்து அங்கே முதலில் சிறுகடன் கிளைகளைத் திறந்து பார்த்தனர். சிறுகடன் வறுமையைப் போக்கும் என்று உலகெங்கும் முழங்கியவர்கள் எதிர்பார்த்த பெருமாற்றம் அங்கே தென்படவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது, அளந்தும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது மற்றொரு சான்று.

ஆனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர், ஒப்பந்தக் கூலி, தமிழ் அறியார். ஆலை வாயிலில் ஒருவர் தாளை நீட்டி ஆய்வில் சேரச் சொல்கிறார். பக்கத்தில் மேற்பார்வையாளர் நிற்கிறார். அவர் இடும் கையொப்பம் அவருடையதா, அவருடைய பசியுடையதா? மறுக்க முடியாதவன் சொல்லும் ‘சரி’ ஒப்புதல் ஆகாது.

நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். பணமும் நகையும் மட்டுமே அமானிதம் அல்ல. ஓர் ஏழை ஆராய்ச்சியாளனை நம்பி நீட்டும் கையும் அமானிதமே. அவன் வீட்டைப் பற்றிச் சொல்லும் செய்தியும் அமானிதமே. அதைப் பெறுபவன்மீது மூன்று கடமைகள் உள்ளன. செய்யப்போவதை அவனுடைய மொழியில் சொல்லுதல். ஆய்வினால் அவனுக்குத் தீங்கு வந்தால் தாங்குதல். கண்டறிந்த உண்மையை அவனிடமே திருப்பிக் கொண்டு சேர்த்தல். மூன்றாவதைத்தான் உலகம் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. செங்கற்பட்டு ஆய்வின் எண்கள் உலகின் மருத்துவ நூல்களிலெல்லாம் ஏறிவிட்டன. அந்த எண்களைத் தம் தோளில் சுமந்த சிற்றூர்களின் வாசலுக்கு அவை போய்ச் சேரும் நாளில்தான் அந்த அமானிதம் முழுமையாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டதாகும்.