பாட்டின் கூலி

பிறர் பொருளை அவர் அறியாமல் எடுத்துக்கொள்வது களவு என்பதை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயின், எடுத்த பின்னரும் அப்பொருள் உடையவரிடமே குறைவின்றி இருக்குமாயின் அதனைக் களவு என்பதா, வேறு பெயரால் அழைப்பதா? அத்தர்க் கடையின் வாயிலைக் கடந்து செல்பவன் நறுமணத்தை நுகர்ந்துவிட்டுப் போகின்றான். கடைக்காரர் அவனை மறித்துக் காசு கேட்பதில்லை. பாட்டும் அத்தகையதே, கேட்டதனால் அது தேய்ந்துவிடப் போவதில்லை என்று வாதிடுவோர் நம்மிடையே பலர். ஒலிப்பேழைகள் வீடுதோறும் புகுந்த காலத்தில் தோன்றிய இவ்வாதம், இணையமும் கைப்பேசியும் வந்த பின்னர் வாதமென்ற நிலையையும் கடந்து, எவரும் கேள்வி கேட்காத வழக்கமாகவே ஆகிவிட்டது.

இவ்வழக்கத்தைச் சற்று நின்று நோக்குவதற்குத் திருவண்ணாமலையின் செங்கம் சாலையைக் காட்டிலும் பொருத்தமான இடம் நமக்குத் தென்படவில்லை. அங்கேதான் ஸ்ரீ ரமணாசிரமம் இருக்கின்றது. வேங்கடராமன் என்ற இயற்பெயருடைய ரமணர் 1896ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்து, 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை அவ்வூரை விட்டு நீங்கவேயில்லை. பல சமயத்தாரும் அவரை நாடிச் சென்றனர். அலகாபாத் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹாபிஸ் சையத் போன்ற முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். அவருடைய கொள்கைகளைப் பற்றிப் பேசுவது இங்கு நம் நோக்கமன்று. அவர் பாடல்களும் உரைநடையும் இயற்றினார். அவற்றிற்காக எவரிடமும் காசு பெற்றாரில்லை. இன்று ஆசிரமத்தில் ஓதப்படும் தமிழ்ப் பாராயணமும் வேத பாராயணமும் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, ஆசிரமத்தின் இணையதளத்தில் கேட்பதற்கும் இறக்கிக்கொள்வதற்கும் விலையின்றி வைக்கப்பட்டுள்ளன. நூல்கள் பலவற்றையும் அவ்வாறே பெறலாம். வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் நள்ளிரவில் அவற்றை இறக்கிக்கொண்டால், அவர் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர். கொடுக்கும் உரிமையுடையவர் கொடுத்தார், இவர் பெற்றுக்கொண்டார். அவ்வளவே.

அதே ஊரில் மற்றொரு காட்சியும் உண்டு. இது தமிழகத்தின் எல்லா ஊர்களுக்கும் பொதுவானதுதான். முழுநிலா நாள்களில் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடந்து செல்வர். இத்தகைய பெருங்கூட்டம் கூடும் இடங்களிலெல்லாம் முன்னர் ஒலிப்பேழைகளும், பின்னர் நூற்றுக்கணக்கான பாடல்களை அடைத்த குறுந்தகடுகளும் விற்கப்பட்டன. அதற்குப் பின்னர் கைப்பேசிக் கடைக்காரர் சிறிய நினைவு அட்டையில் பாட்டுகளை நிரப்பிக் கொடுத்து, நிரப்பிய கூலியைப் பெற்றுக்கொண்டார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாட்டை நிரப்பியவனுக்குக் கூலி கிடைத்தது. பாட்டை எழுதியவனுக்கும் இசையமைத்தவனுக்கும் பாடியவனுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பாட்டுக்கு விலையில்லை என்போர், அதனை நகலெடுக்கும் கைக்கு மட்டும் விலை கொடுக்கத் தயங்கியதில்லை. அத்தர்க் கடை உவமை இங்கே உடைந்துபோகின்றது. நுகர்ந்து செல்பவன் வெறுங்கையுடன் செல்கின்றான். இவனோ குப்பியை நிரப்பிக்கொண்டு, அடுத்த தெருவில் கடையும் விரித்துவிடுகின்றான்.

“ஞானியின் பாடல்தானே, பக்திப் பாடல்தானே, அதற்கு ஏது உரிமை?” என்று கேட்பார் உளர். சட்டம் இதற்கு நுட்பமான விடை ஒன்றை வைத்திருக்கின்றது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியரின் வாழ்நாளில் வெளியான எழுத்தின் மீதுள்ள உரிமை அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நிலைத்திருக்கும். எனவே ரமணர் தம் வாழ்நாளில் வெளியிட்ட பாடல்கள் 2011 சனவரி முதல் நாளிலிருந்து எல்லார்க்கும் பொதுவாயின. ஆனால் அப்பாடலை ஒருவர் நேற்று இசையமைத்துப் பாடிப் பதிவு செய்திருந்தால், அந்த இசையும் பதிவும் பொதுவாகிவிடவில்லை. ரமணரிடம் ஈடுபாடு கொண்ட இளையராஜா ‘ரமண மாலை’ என்ற இசைத்தொகுப்பை உருவாக்கினார். அவரே தம் திரைப்பாடல்களின் உரிமைக்காக நீதிமன்றம் ஏறியவர். 2017 மார்ச்சில், மேடைகளில் தம் இசையைப் பாடுவதற்கு முன் இசைவு பெற வேண்டுமென்று எஸ்.பி. பாலசுப்பிரமணியத்திற்கு வழக்கறிஞர் வாயிலாக அறிவிக்கை விடுத்தபோது தமிழுலகமே இரு கட்சியாகப் பிரிந்து பேசியது. துறவியைப் போற்றிப் பாடுபவர் துட்டுக்கு வழக்காடலாமா என்று எள்ளியோரும் இருந்தனர். நாம் அவ்வெள்ளலில் சேர்வதற்கில்லை. துறவு என்பது ஒருவன் தன் பொருளை விடுவது. பிறன் தன் பொருளை விட்டுவிட வேண்டுமென்று நாம் வற்புறுத்துவதற்கு அப்பெயர் பொருந்துமா?

இனி, விலை கொடுத்து இணையத்தில் பாட்டை இறக்கிக்கொள்ளும் முறைக்கு வருவோம். 1999இல் அமெரிக்காவில் தோன்றிய நாப்ஸ்டர், உலகத்தார் தத்தம் கணினியில் வைத்திருந்த பாட்டுகளை ஒருவருக்கொருவர் விலையின்றி மாற்றிக்கொள்ள வழி செய்தது, வழக்குகள் தொடர்ந்தன, 2001இல் அது அடங்கியது. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் கடையைத் திறந்து, பாட்டொன்று 99 சென்ட் என விலை வைத்தது. இந்தியாவுக்கு அக்கடை 2012இல்தான் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஃப்ளிப்கார்ட் நிறுவனம் ‘ஃப்ளைட்’ என்ற பெயரில் முறையான இறக்கக் கடை ஒன்றைத் தொடங்கியது. ஒரு பாட்டின் விலை ஏறத்தாழ ஒரு தேநீரின் விலையளவே இருந்தது. 2013 சூனில் அது மூடப்பட்டுவிட்டது. பதினாறு மாதங்கள்! தேநீருக்குக் கொடுக்கும் காசைப் பாட்டுக்குக் கொடுக்க மனம் வராத நாடு இது என்று சிலர் முடிவு கட்டினர். அது முழு உண்மையாகாது. சில்லறைக் காசை இணைய வழியே செலுத்துவது அந்நாளில் எளிதாக இருக்கவில்லை. வங்கி அட்டை இல்லாத வீடுகளே மிகுதி. ஆயினும் அடுத்த தெருக் கடையில் விலையின்றிக் கிடைக்கிறதே என்ற எண்ணமும் அதன் கதையை முடித்ததில் பங்கு கொண்டது என்பதை மறுக்க இயலாது.

நம் வீடுகளின் கதைக்கு வருவோம். நாகூர் ஹனீபாவின் குரல் ஒலிக்காத தமிழ் முஸ்லிம் இல்லம் உண்டா? 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த அப்பெருமகனாரின் பாடல்கள் ஒலிப்பேழையிலிருந்து ஒலிப்பேழைக்கு நகலாகி, வளைகுடா நாடுகளின் தொழிலாளர் விடுதிகள் வரை சென்றன. அந்நகல்களால் பாட்டு பரவியது உண்மை; ஊரை விட்டுப் பிரிந்திருந்தோரின் நெஞ்சுக்கு அது மருந்தானதும் உண்மை. இசை ஆகுமா ஆகாதா என்ற பழைய வழக்கை நாம் இங்குக் கிளப்பவில்லை. ஆகாது என்போரும் கைத்தட்டுப் பறையோடு நின்றுகொள்வோரும் நம்முள் இருக்கின்றனர். ஆகும் என்று கொண்டு கேட்பவர்களை நோக்கியே நம் கேள்வி. ஹனீபாவின் பாடல்களுள், மாற்றுச் சமயத்தாரும் மனமுருகிக் கேட்கும் மிகப் புகழ்வாய்ந்த பாடலை எழுதியவர் யார்? கிளியனூர் அப்துல் சலாம் என்று உடனே சொல்லக் கூடியவர் நூற்றில் எத்தனை பேர்? பாட்டை நகலெடுத்தபோது குரல் வந்தது. உறையின் மேல் அச்சிட்டிருந்த பெயர் வரவில்லை. கூலியோடு பெயரும் போயிற்று.

முன்னாளில் இக்கடனை வள்ளல்கள் சுமந்தனர். உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர் சீதக்காதி. அவருக்குப் பின் அப்பணியைத் தாங்கியவர் அபுல் காசிம் மரைக்காயர். நூலை ஓலையில் படியெடுத்தவர்கள் புலவரின் சோற்றில் கைவைக்கவில்லை, அந்தச் சோற்றுக்கு வேறொருவர் முன்னரே பொறுப்பேற்றிருந்தபடியால். இன்று அப்பொறுப்பு நூறாயிரம் சிறு துண்டுகளாக உடைந்து, கேட்பவர் ஒவ்வொருவர் மடியிலும் சில காசுகளாக வந்து விழுந்திருக்கின்றது. கூலியாளின் வியர்வையைப் பற்றிய நபிமொழி நம் குழந்தைகளுக்கும் தெரியும். அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் தனி அத்தியாயமே உண்டு. சில காசு தானே என்பது அங்கே சமாதானமாக ஏற்கப்படவில்லை. நிறுவையில் குறைப்பவன் குறைப்பதும் சில காசளவே.

மார்க்க அறிஞர்கள் இதில் ஒரே குரலில் பேசினார்கள் என்று சொல்ல இயலாது. நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளும், வடஆர்க்காட்டுப் பகுதிகளில் ஹனபிகளும் மிகுதி. ஷாபிஈ மத்ஹபில் ஒரு பொருளின் பயன்பாடும் பொருளாகவே கருதப்படும். ஹனபி முற்கால நூல்களிலோ, கையகப்படுத்திச் சேர்த்துவைக்கக் கூடியதே பொருள். பயன்பாடு அக்கணக்கில் சேராது. எனவே, விலை கொடுத்து வாங்கிய நூலைப் படியெடுக்க வாங்கியவனுக்கு உரிமையுண்டு, அறிவைப் பூட்டிவைத்தல் தகாது என்று கூறிய ஹனபி அறிஞர்கள் இருந்தனர். அவர்தம் கவலை அற்பமானதன்று. கல்வி பணக்காரரின் தனியுடைமை ஆகிவிடுமே என்ற அச்சம் அதிலிருந்தது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம் இதனை ஆராய்ந்து, நூலாசிரியர் உரிமை முதலியன வழக்காற்றில் விலைமதிப்புப் பெற்றுவிட்டபடியால் அவை ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை என்றும், அவற்றை மீறுதல் கூடாதென்றும் தீர்மானித்தது. நமக்கு இத்தீர்மானமே நேரியதாகத் தோன்றுகின்றது. அறிவைப் பரப்ப விரும்புகின்றவன் ஆசிரமத்தார் செய்வது போலத் தன்னுடையதைத் திறந்துவிடலாம். பிறனுடைய பூட்டை உடைத்துத் தருமம் செய்வதற்கு நன்மை எழுதப்படுமா என்பது வேறு கேள்வி.

ஆயின் முறையான கடையில் காசு கொடுத்துவிட்டோம், கடன் தீர்ந்தது என்று கைகழுவிவிடலாமா? அங்கேயும் நெருடல் உண்டு. நாம் கொடுத்த காசு யாரைச் சேர்கின்றது? நெடுங்காலம் நம் நாட்டில் பாடலாசிரியர்கள் மொத்தமாக ஒரு தொகை பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுவர். பின்னர் வரும் வருமானம் அவர்களைச் சேராது. 1977இல் உச்ச நீதிமன்றம் திரைப்பாடல்களில் தயாரிப்பாளருக்கே முதலுரிமை என்று தீர்ப்பளித்தபோது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பாடகர்களுக்குச் சட்டத்தில் இடமில்லாமற் போனதைத் தனிக்குறிப்பாக எழுதி வருந்தினார். 1994இல்தான் நிகழ்த்துவோரின் உரிமை சட்டத்தில் ஏறியது. 2012ஆம் ஆண்டின் திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாதென்று ஆக்கியது. அதற்கு முன் எழுதப்பட்டவை? நம் இஸ்லாமியப் பாடல்களுட் பெரும்பாலானவை அதற்கு முற்பட்டவைதாம். அவற்றுக்கு நாம் கொடுக்கும் காசு நிறுவனத்தின் வாயிலோடு நின்றுவிடவும் கூடும். சட்டப்படி நாம் குற்றமற்றவர்கள். புலவரின் குடும்பத்திற்குக் கிட்டியது ஒன்றுமில்லை. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும் என்பதே இப்பொருளின் கடினம்.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தையார் விட்டுச் சென்ற இசைத்தட்டுகளையும் ஒலிப்பேழைகளையும் மக்கள் பங்கிட்டுக்கொண்டனர். அவை அவருடைய உடைமையாக இருந்தன. இணையக் கடையில் நாம் வாங்குவதாக எண்ணும் பாட்டு, ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளைப் படித்தால், கேட்கும் அனுமதி மட்டுமே. விற்கவோ பிறருக்கு மாற்றித் தரவோ பெரும்பாலும் இடமில்லை. மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் முறையில் அதுவுமில்லை. கட்டணம் நின்றால் பாட்டும் நின்றுவிடும். ஃபிக்ஹு மொழியில் சொன்னால் இது விற்பனையன்று, வாடகை. வாடகை ஆகுமானதே. ஆனால் வாடகைப் பொருளுக்கு ‘வாங்குக’ என்று பொத்தான் வைப்பதைச் சந்தைக்கு வந்த எந்த வணிகன் செய்தாலும் நம் முன்னோர் முகம் சுளித்திருப்பர். 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் போன்ற சில கடைகள் 100க்கு 15ஐத் தமக்கு எடுத்துக்கொண்டு, பணம் செலுத்தும் செலவு போக எஞ்சியதைக் கலைஞரிடமே சேர்க்கின்றன. வாங்கிய கோப்பும் நம்மிடமே தங்கிவிடுகின்றது. தெரிந்தெடுக்க வழியிருக்கும்போது அத்தகையதைத் தெரிந்தெடுப்பதே மேல்.

நிக்காஹ் வீட்டில் பாட்டு ஒலிக்கச் செய்வதற்கும் உரிமம் வேண்டுமோ என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: சமயச் சடங்குகளில் பாடலை நிகழ்த்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டம் விலக்களித்துள்ளது, திருமண நிகழ்ச்சிகளும் அதில் அடங்கும். 2023 சூலையில் நடுவண் அரசு இதனை அறிவிக்கையாகவும் நினைவூட்டியது. ஆனால் விலக்கு ஒலிக்கச் செய்வதற்கே. முறையற்ற வழியில் இறக்கிச் சேர்த்துவைப்பதற்கு அன்று.

இன்னும் எஞ்சுவது, நிறுவனமும் மூடிப் பதிவும் சந்தையில் கிடைக்காத பழம் பாடல்களின் நிலை. ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளில் முடியும். 1960இல் வெளியான தட்டு 2021இல் பொதுவாயிற்று. எனினும் அதிலுள்ள சொற்கள் புலவர் மறைந்து 60 ஆண்டுகள் கழியும்வரை அவருடைய வாரிசுகளுக்குரியவை. கண்டெடுத்த பொருளுக்கு உடையவரைத் தேடி ஓராண்டு அறிவிக்க வேண்டுமென்பது நம் மார்க்கச் சட்டம். நம் புலவர்களோ பெயருக்கு முன்னே ஊரையும் சேர்த்தே எழுதிவைத்தவர்கள். பழைய ஒலிப்பேழை ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர் அதன் உறையை எடுத்து, எழுதியவர் பெயர் இன்னும் படிக்கும்படி இருக்கின்றதா என்று பார்க்கலாம். இருந்தால் ஊர்ப் பெயரும் அங்கேயே இருக்கும்.