எருக்கூடையும் மூக்கில்லா வேனும்

எருக்கூடை அழகாக இருக்க முடியுமா என்று அரிஸ்டிப்பஸ் கேட்டதாகவும், முடியும் என்று சாக்ரடீஸ் சொன்னதாகவும் ஸெனஃபோன் எழுதிவைத்திருக்கிறார். வேலைக்கு ஏற்றபடி முடைந்த எருக்கூடை அழகு. வேலைக்கு உதவாத தங்கக் கேடயம் அவலட்சணம். பயனே அழகு என்னும் இந்தக் கட்சியை 1757இல் எட்மண்ட் பர்க் சில உதாரணங்களால் மடக்கினார், அவற்றில் ஒன்று: மண்ணைக் கிளறத் தோதான பன்றியின் மூஞ்சியும் அப்படியானால் அழகுதானே? வழக்கு இன்னும் தீரவில்லை. அதை விசாரிக்க 1950, 60களின் மூக்கில்லா வேன்களும் பிக்கப்களும் நல்ல சாட்சிகள். முன்னால் பானெட் கிடையாது; டிரைவர் முன்சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருப்பார்; அவருக்கு முன்னால் ஒரு தகடும் கண்ணாடியும், அவ்வளவுதான். காய்கறியும் சிமெண்டும் ஏற்றவென்றே பிறந்தவை இவை. அந்த வேலையை வேறு வண்டிகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் இவற்றின் வடிவத்துக்கு மயங்குகிறவர்கள் குறையவில்லை. பயன் போன பிறகும் அழகு நிற்கிறது என்றால், சாக்ரடீஸின் கணக்கில் எங்கோ இடிக்கிறது.

பயனுக்காக ஒருவர் போட்ட யோசனை உருவத்தில் வாசிக்கக் கிடைக்கிறதே, அதில்தான் ஈர்ப்பு இருக்கிறது என்பது என் கட்சி. இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் கேள்வி ஒன்றே: அதே நீளத்தில் கூடுதல் சரக்கு வேண்டும், எஞ்சினை எங்கே வைப்பது? 1947இல் பென் பான் என்ற டச்சு வியாபாரி தன் குறிப்பேட்டில் கிறுக்கிய படத்தில் விடை இருந்தது: முன்கோடியில் டிரைவர், பின்கோடியில் எஞ்சின், நடுவில் சரக்கு. 1950இல் அது ஃபோக்ஸ்வாகன் வேனாக வெளிவந்தது. அதையே பிக்கப்பாக்கியபோது, பின்னால் இருக்கும் எஞ்சினுக்கு மேலேதான் தளம் போட முடிந்தது. தளம் உயர்ந்தது, அதற்கடியில், இரண்டு அச்சுகளுக்கு நடுவே, பூட்டி வைக்கும் அறை ஒன்று இலவசமாகக் கிடைத்தது. 1961இல் ஷெவர்லே கார்வேர் பிக்கப்பிலும் எஞ்சின் பின்னால்தான். ஆனால் அவர்கள் நடுத்தளத்தைப் பள்ளமாக்கிப் பின்பகுதியை மேடாக விட்டார்கள். மேட்டைத் தாண்டிப் பாரம் ஏற்றுவது கஷ்டம். எனவே பக்கவாட்டுக் கதவைக் கீழே இறக்கிச் சரிவுப் பலகையாக்கினார்கள். ஃபோர்டு எக்கனோலைன் எஞ்சினை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கொண்டுவந்தது. தளம் தட்டையாகத் தாழ்ந்தது, எடையெல்லாம் முன்னால் குவிந்தது. ஜீப் எஃப்சி-150 வெறும் 81 அங்குல அச்சிடைவெளியில் ஆறடிக்கும் மேல் நீளமான தொட்டியைச் சுமந்தது. மஹிந்திரா அந்த வகையை இந்தியாவிலும் செய்தது. தளத்தின் உயரத்தையும் கதவின் இடத்தையும் பார்த்தாலே எஞ்சின் எங்கே என்று சொல்லிவிடலாம்.

பன்றிக்கு இப்போது பதில் சொல்லலாம். அதற்கு வேறு மூஞ்சி வாய்த்திருக்கலாமே என்ற எண்ணம் அதைப் பார்க்கும் எவருக்கும் எழுவதில்லை. இந்த வேனைப் பார்த்தால் எழுகிறது. பல வழிகளில் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு பொருள் எப்படி இருக்கவேண்டும் என்ற கருத்தைச் சார்ந்த அழகைக் காண்ட் 1790இலேயே தனி வகையாகப் பிரித்தார். அவரோடு பாதி தூரம் போகலாம். கருத்துக்குப் பொருந்துவது மட்டும் போதாது, தேர்வும் தெரியவேண்டும் என்பது என் சேர்க்கை. பயன் காலாவதியானாலும், சரியாகப் போட்ட கணக்கு சரியாகவே நிற்கும்.

இவ்வளவு தத்துவம் எதற்கு, இரண்டு உருண்டை விளக்குகள் கண்களாகத் தெரிகின்றன, குழந்தை முகம் போல இருக்கிறது, அதுதான் ஈர்ப்பு என்பார்கள். 2022இல் ஃபோக்ஸ்வாகன் ஐடி பஸ் என்ற மின்சார வேனை அறிமுகப்படுத்தியது. பழைய முகத்தின் சாயலும் இரட்டை வண்ணமும் இருக்கின்றன. டிரைவரோ முன்சக்கரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். பார்க்க இனிமையான வண்டிதான். ஆனால் எனக்கு அது ஒரு முகமூடி, அந்த முகத்தை வரவழைத்த நெருக்கடி அதற்குள் இல்லை. பழைய நினைவுகளின் பாசம் என்ற வாதமும் அதிகம் தாங்காது. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் வேன் என்றால் ஹிப்பிகள். நமக்கு 1984இல் வந்து பிறகு ஆம்னி என்றான மாருதி வேன் பள்ளிப் பிள்ளைகளையும் ஆம்புலன்ஸையும் நினைவுபடுத்தும்; சினிமாவில் ஆள் கடத்தவும் அதுதான். நினைவுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. சிறிய நீளத்தில் இவ்வளவு இடமா என்ற வியப்பு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் எக்கனோலைனிடமிருந்தே வருகிறது. முன்பாரத்தைச் சமன்செய்ய ஃபோர்டு அந்தப் பிக்கப்பின் பின்னச்சுக்கு மேலே சுமார் 75 கிலோ எடையைப் பொருத்தியது. அதை உருவம் காட்டிக்கொடுப்பதில்லை. எனவே இந்த வடிவங்களை ‘நேர்மையானவை’ என்று புகழ்வதை நான் தவிர்க்கிறேன். தகட்டுக்கு ஒழுக்கம் கிடையாது. பெரும்பகுதி வாசிக்கக் கிடைக்கிறது என்பதே போதும்.

ஆபத்தைப் பற்றிய ஆட்சேபத்தை இவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியாது. மோதினால் முதலில் நசுங்குவது டிரைவரின் முழங்கால். பிரேசிலில் காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயமானபோது, 2013 இறுதியில் பழைய ஃபோக்ஸ்வாகன் வேனின் உற்பத்தி நின்றது. பாதுகாப்பு விதிகள் இறுகியதும் 2019இல் ஆம்னியும் போனது. அழகு இந்தக் குற்றத்துக்கு மன்னிப்பாகாது. குற்றம் தெரிந்ததும் அழகு மறைந்துவிடும் என்பதும் உண்மையல்ல. ஆபத்தும் அதே உருவத்தில்தான் எழுதியிருக்கிறது, முன்னால் ஒன்றுமில்லை என்பதை யாரும் பார்க்கலாம். கணக்கில் நீளம் வந்தது, சரக்கு வந்தது, கூலிக்கு ஓட்டுகிறவரின் கால் சரியாக வரவில்லை. அப்படியானால் அந்தக் காலையும் சேர்த்து யோசித்த வண்டிகள் இன்னும் அழகாக இருக்கவேண்டும். 1960களின் இறுதியிலிருந்து ஃபோர்டும், 1971 மாடலிலிருந்து டாட்ஜும் ஷெவர்லேயும் முன்சக்கரங்களை முன்னே தள்ளி, எஞ்சின் பாதி வெளியே பாதி உள்ளே இருக்கும்படி குட்டை மூக்கு வைத்தன. யோசனை முழுமையானது, உருவம் மழுங்கியது. அவற்றை வைத்திருப்பவர்கள் உண்டு, அவற்றின் வடிவத்துக்கு மயங்குகிறவர்கள் குறைவு என்றே எனக்குப் படுகிறது. குறையான கணக்கும் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் நம் கண் அதையே விரும்புகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் கட்சிக்கு இது பாதகமல்ல; நம் கண்ணுக்குப் பெருமை சேர்ப்பதாகவும் இல்லை.