அயற்படை ஆட்சியும் வாகையும்

சென்ற மார்கழித் திங்களில், பூந்தமல்லியில் அன்பர் சிலர் கூடிப் பெரியபுராணம் ஓதிப் பொருளாராயும் அவையில், மூர்த்தி நாயனார் வரலாறு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஓதி முடிந்தபின் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, மதுரையைக் கைப்பற்றி ஆண்ட வடுகக் கருநாடர் மன்னன் வென்றானா, தோற்றானா? நாயனார் வாளெடுத்திலர், படை திரட்டிலர், தோற்ற பாண்டியனும் மீண்டு வந்திலன். ஆயின் ஈண்டு வெற்றி யாருடையது?" என்று வினவினர். அப்பொழுது யாம் கூறிய விடை அவர்க்கும் நிறைவு தந்திலது, எமக்கும் தந்திலது. வீடு திரும்பிப் பன்னாள் எண்ணியதன் பயனே இக்கட்டுரை.

வெற்றியை நம் முன்னோர் வாகை என்றனர். தொல்காப்பியனார் புறத்திணை வகுத்தபோது, மண்ணாசையாற் பிறர் நாட்டின்மேற் சேறலை வஞ்சி என்றும், அரண் முற்றலும் கோடலும் உழிஞை என்றும், வலிமையே பொருளாக எதிர்நின்று பொருதலைத் தும்பை என்றும் பெயரிட்டனர். இவற்றின்பின் வாகைக்கு இலக்கணங் கூறுமிடத்து, களத்தில் வென்ற வேந்தனோடு நில்லாது, அறிவரையும் தவத்தோரையும் உடன் சேர்த்தனர். தத்தமக்குரிய கூற்றைக் குற்றமற ஆற்றி மேம்படுதலே வாகை என்பது அவர் கருத்து. ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. வென்ற படை அயலார் மண்ணிலேயே ஆண்டுக்கணக்காகத் தங்கியிருத்தற்கு நூலாசிரியர் தனியொரு திணை வகுத்திலர். பாசறையிருப்புக் கூறினாரெனின், அது போர் முடியுங்காறும் உள்ள இருப்பேயாம். வந்த வேலை முடிந்தும் போகாத படைக்கு வாகை உண்டோ என்பது நாமே ஆராய்ந்து துணியவேண்டிய பொருளாயிற்று.

இதனை வெறுஞ் சொல்லளவில் ஆராயாது, நம் காலத்து நிகழ்ந்ததொன்றை முன்வைத்து ஆராய்வாம். 1987-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் கொழும்பில் இந்தியப் பிரதமர் இராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜயவர்த்தனாவும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அமைதி காக்கும் படை என்னும் பெயரால் இந்தியச் சேனை யாழ்ப்பாணம் புகுந்தபோது, மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். எமதூரிலும் அச்செய்தி கேட்டு மகிழாதார் இலர், யாமும் மகிழ்ந்தோம். மூன்று திங்கள் கழியுமுன், அக்டோபரில், அப்படைக்கும் விடுதலைப் புலிகட்கும் போர் மூண்டது. அவ்வாண்டுத் தீபாவளி நாளில், யாழ்ப்பாண மருத்துவமனையுள் மருத்துவரும் செவிலியரும் நோயாளருமாக அறுபதின்மர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்திங்கள் இறுதிக்குள் நகரம் கைப்பற்றப்பட்டது. உழிஞை முடிந்தது, வாகையோ கிட்டவில்லை. படைத்தொகை பெருகிப் பெருகி 80,000 வரை சென்றது; ஏறத்தாழ 1,200 வீரர் மாண்டனர்; குடிகளுள் மாண்டார் தொகை அதனினும் மிகுதி. 1989-இல் இலங்கைத் தலைவர் பிரேமதாசாவே அப்படையை வெளியேறச் சொன்னார். 1990 மார்ச்சு 24-ஆம் நாள் எஞ்சியோரும் கப்பலேறினர்.

இனி, இந்நிகழ்ச்சியில் வெற்றி யாருடையது என்பதிற் பலர் பலவாறு கூறுவர். நகரத்தைப் பிடித்தவன் வென்றான் என்பாரும், கடைசிவரை ஊரில் நின்றவன் வென்றான் என்பாரும், இருவரும் தோற்றனர் என்பாரும், வெற்றி தோல்வி இரண்டும் மாயையாதலின் ஆராய்ச்சியே வேண்டா என்பாரும் என அவர் நால்வகையர். இவற்றை முறையே ஆராய்வாம்.

மண்ணைப் பிடித்தலே வெற்றியெனின், பிடித்த மண்ணைக் காத்தற்கு நாடோறும் புதிய படை வேண்டுவதேன்? ஒருவன் வீட்டுள் புகுந்து அவன் நெஞ்சின்மேற் காலூன்றி நிற்பவன், காலை எடுக்கவும் இயலாது, வேறு தொழில் செய்யவும் இயலாது நிற்பன். கட்டுண்டவன் ஒருவனல்லன், இருவரும் கட்டுண்டாராவர். ஆதலின் முதற்கூற்றுப் பொருந்தாமை வெளிப்படை.

இரண்டாவது கூற்றே பெரும்பாலோர் நெஞ்சைக் கவர்வது. வந்தவன் என்றேனும் போயேயாக வேண்டும். இருப்பவன் பொறுத்திருப்பின் அதுவே வெற்றி என்பர். இதில் உண்மை ஒரு கூறு உண்டு. ஆயினும் அவன் போனபின் நிகழ்ந்தவற்றை நோக்குக. 1990 அக்டோபரில், வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் விடுதலைப் புலிகளால் ஊரினின்றும் துரத்தப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கிடைத்த தவணை இரண்டு மணி நேரமே. நேற்றுவரை அயற்படையால் வீடிழந்தோம் என்று அழுதவர் பெயரால், இன்று அயல்வீட்டார் வீடிழந்தனர். 1991 மே 21-ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தியும் உடன்நின்றார் பலரும் குண்டுவெடிப்பிற் கொல்லப்பட்டனர். 2009 மே மாதம் அவ்வியக்கமும் முள்ளிவாய்க்காலில் எண்ணிறந்த குடிகளின் பிணக்குவையிடையே அழிந்தது. பொறுத்து நின்றதே வெற்றியெனின், அவ்வெற்றி எங்கே போயிற்று?

திருப்பெரும்புதூர் எமதூர்க்கு மேற்கே அதே பெருவழியில் உள்ளது. அக்கொலை வழக்கு ஆராயப்பட்டதும் பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றத்திலேயாம். 1998 ஜனவரி 28-ஆம் நாள் குற்றஞ்சாட்டப்பட்டோர் இருபத்தறுவர்க்கும் ஆங்கே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் நால்வர்க்கு மட்டும் அதனை உறுதி செய்தது. 2022-ஆம் ஆண்டில், எஞ்சி நின்ற எழுவரும் விடுவிக்கப்பட்டனர். கடல்கடந்த ஊரிற் படை புகுந்ததன் விளைவு, கடைத்தெருவும் கோயிலுமாகிய எமதூரின் மதிற்சுவர் ஒன்றனுள் வந்து முடிந்தது. அச்சுவரைக் கடக்குந்தோறும், வினை தன்னைச் செய்தானைத் தேடிவரும் என்பதனினும் கொடியது, செய்யாதார் பலரையும் வழியில் மிதித்துக்கொண்டு வரும் என்பதே எமக்குத் தோன்றும்.

இருவரும் தோற்றனர் என்னும் மூன்றாவது கூற்றுக் கணக்களவில் மெய். ஆயின், யாது செய்திருப்பின் தோலார் என்பதனை அது கூறாது. நான்காவது கூற்றோ நம் சித்தாந்தத்திற்கே முரண். உலகம் பொய்த்தோற்றம் என்பது நம் கொள்கையன்று. மாயை உள்பொருள், உயிர்கள் பல, அவை படும் துன்பம் மெய். பிறர் வீடு எரியும்போது நெருப்பு மித்தை என்பவன் ஞானி ஆகான்.

ஆயின் சித்தாந்தம் யாது கூறும்? உயிர்க்குச் சிறப்பிலக்கணம் சார்ந்ததன் வண்ணமாதல் என்பது நம் நூல்களின் துணிபு. இருளைச் சாரின் கண் இருளாதலும், ஒளியைச் சாரின் ஒளியாதலும் போல, உயிர் மலத்தைச் சார்ந்து மலமாயும், சிவத்தைச் சார்ந்து சிவமாயும் நிற்கும். இவ்வுண்மையை ஈண்டுப் பொருத்துக. நெடுங்காலம் அயற்படையின்கீழ் வாழும் மக்கள் இழப்பது மண்ணும் பொருளும் மட்டுமல்ல. நாடோறும் துப்பாக்கியைப் பார்க்கும் கண் துப்பாக்கியின் மொழியையே கற்கிறது. எவனை வெறுக்கின்றோமோ அவனையே இடைவிடாது நினைக்கின்றோம். நினைவும் சார்பேயாதலின், அவன் வண்ணமாகின்றோம். அடக்கப்பட்டவன் அடக்குவோனாய் வெளிப்படும் அந்நாளே தோல்வி முற்றுப்பெற்ற நாள். படை ஊரைவிட்டுப் போயிருப்பினும் அப்படி உள்ளத்தில் தங்கிற்று.

இஃது அடக்குவோர்க்கும் ஒக்கும். யான் எனது என்னும் ஆணவச் செருக்கு, பிறர்க்கு நன்மை செய்யவே வந்தேன் என்னும் வேடம் பூணும்போது மிகவும் வலிமையுறும். சிலர், இறைவன் மறக்கருணையால் உயிர்களை ஒறுத்துத் திருத்துமாறு போல, வலிய நாடு எளிய நாட்டை அடக்கித் திருத்தலாம் என்பர். அற்றன்று. மறக்கருணை விருப்பு வெறுப்பு இலனாகிய முதல்வனுக்கே உரியது. தனக்கென ஊதியமும், தன் எல்லைபற்றிய அச்சமும், தன் பெயர்பற்றிய மானமும் உடைய அரசுக்கு அது சிறிதும் பொருந்தாது. தவறெனக் கண்டவிடத்துப் படையை மீட்டுக்கொள்ளும் அரசு தோற்றது என்பது உலகவழக்கு. எம் கருத்தில், அம்மீட்சி அந்நெடும் பிழையுள் நிகழ்ந்த நற்செயல் ஒன்றாம். அது காலந்தாழ்த்து நிகழ்ந்ததே குற்றம்.

அற்றேல், "படையின்கீழ் நசுங்குவோரை நோக்கி, உள்ளத்தைத் தூய்மை செய்துகொள், அதுவே வெற்றி என்பது, வாயடங்கிக் கிட என்பதன் வேறு வடிவமன்றோ?" எனின், இவ்வினா நேரியது, அவ்விளைஞர் நெஞ்சில் இருந்ததும் இதுவே. இதற்கு விடை குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் கூறிய அவ்வரலாற்றிலேயே உளது. மூர்த்தியார் வாயடங்கிக் கிடந்திலர். மன்னன் சந்தனம் கிடையாதபடி தடுத்தான். அவர் நாள்முழுதும் தேடினர். கிடையாதபோது, தம் முழங்கையையே கல்லில் தேய்த்தனர். இது பணிவன்று; மறுப்பே. பிறன் உடலை ஊறுபடுத்தாது, தம் கடமையை ஒருநாளும் விடாது, அரசாணை தம் பணியின் எல்லைக்குள் நுழையாதபடி நின்ற மறுப்பு. அன்றிரவே மன்னன் மாண்டான். மகப்பேறில்லாத அவன் அரியணைக்கு ஆள்தேடி விடுத்த யானை நாயனாரை எடுத்தது. இதன்மேல் நிகழ்ந்ததே வாகையின் உயிர்நிலை. ஆளும் வாய்ப்புக் கைவந்தபோது அவர் மாண்டவனுடைய முடியைச் சூடிலர். அவன் அடியாரைப் பழிக்குப்பழி வாங்கிலர். திருநீறும் கண்டிகையும் சடைமுடியுமே முடியும் அணியுமாகக் கொண்டு ஆண்டனர். அடக்கியவன் வண்ணம் அவர்மேல் ஏறவில்லை.

யாழ்ப்பாணத்து வரலாறும் இதற்குச் சான்று. 1619-இல் போர்த்துக்கேயர் அவ்வரசைக் கவர்ந்தனர். 1658-இல் ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் வந்தனர். 1948 வரை மூன்று நூற்றாண்டிற்கு மேல் அயலாட்சியே. கோயில்கள் இடிக்கப்பட்டன. மக்கள் விரதநாளில் உண்ட இலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது வழிவழிச் செய்தி. திருநெல்வேலி என்னும் ஊரினராகிய ஞானப்பிரகாசர், வீட்டிற்கு ஒன்றாகப் பசுவைக் கொலைக்கு அளிக்குமாறு ஏவப்பட்ட முறைநாள் தமக்கு வருமுன் இரவோடிரவாக நீங்கிச் சிதம்பரம் அடைந்தனர் என்பர். அங்கே அவர் சிவஞான சித்தியார்க்கு உரை செய்தனர், திருக்குளமும் தொட்டனர். ஊரைவிட்டு ஓடியவர் தோற்றவரா? அவர் உரை இன்றும் ஓதப்படுகின்றது.

ஆதலின், யாம் துணிந்தது இது. நெடிய அயற்படை ஆட்சியில் வெற்றியை அளப்பதற்கு உரிய கோல் மூன்று. தம் கடமையையும் மொழியையும் வழிபாட்டையும் விடாது நின்றாரா என்பது ஒன்று. எதிர்த்து நிற்கும்போது குற்றமற்றார் உயிரைத் தம் வழிக்குப் படிக்கல் ஆக்காது நின்றாரா என்பது மற்றொன்று. ஆட்சி தம் கைக்கு வந்தநாளில், தம்மினும் எளியாரைத் தாம் பட்டவாறு படுத்தாது விட்டாரா என்பது மூன்றாவது. முதற்கோலில் தேறினார் பலர். இரண்டாவதில் தேறினார் சிலர். மூன்றாவதில் தேறினார் மிகச் சிலர். அம்மூன்றாவதே முடிந்த சோதனை.

வினாவிய இளைஞர்க்கு இப்பொழுது விடை கூறுவாம். தம்பி, கருநாடர் மன்னன் மதுரையை வென்றான். வென்ற நாள்தொட்டுத் தன்னை இழந்தான். பாண்டியன் மதுரையை இழந்தான். மூர்த்தியார் இழந்தது கைத்தோலும் எலும்பும்; அதுவும் இறைவன் அருளால் மீண்டும் வளர்ந்தது. அரியணை ஏறியும், அதில் முன்னர் இருந்தவன் போல ஆகாமல் இருந்தாரே, வாகை அவருடையது.