காணா நோயும் நம்பும் கடனும்

நிலவுலகம் இடையறாது சுழல்கின்றது. எனினும் அச்சுழற்சியை மனிதன் உணர்வதில்லை. அவன் நிலைத்து நின்று தொழில் புரிவதற்கு அந்த உணராமையே துணை செய்கின்றது. ஆனால், சிலர்க்கு முன்னறிவிப்பு ஏதுமின்றிக் காலடித் தரை ஆடுகின்றது, சுவர்கள் சுழல்கின்றன, குமட்டல் எழுகின்றது. சில மணித்துளிகளிலோ சில மணி நேரத்திலோ எல்லாம் அடங்கிவிடுகின்றது. மருத்துவர் சோதித்துப் பார்க்கின்றார். இரத்த அழுத்தம் சீராக இருக்கின்றது. தலையைப் படம் பிடித்துப் பார்த்தாலும் குறை தென்படவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்னும் விடையுடன் அவர் வீடு திரும்புகின்றார். அடுத்த திங்களில் தரை மீண்டும் ஆடுகின்றது.

கண்ணுக்குப் புலனாகாத, காரணமும் அறியப்படாத துன்பத்தை உடையவரிடத்துப் பிறர் ஆற்றவேண்டிய கடமை யாது? அவர் பிறர்க்கு ஆற்றவேண்டிய கடமைதான் யாது? இவை மருத்துவ வினாக்கள் மட்டுமல்ல. அறத்தின் பாற்பட்ட வினாக்களும் ஆகும்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறிந்தோர்க்கு இவ்வினாவின் கூர்மை எளிதில் விளங்கும். 1951ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே அமைந்துள்ளது. வெண்கோல் ஏந்தி நடப்போரைக் காண்பது அவ்வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. கோலைக் கண்டதும் மக்கள் வழிவிடுகின்றனர். சாலையைக் கடக்கக் கைகொடுக்கின்றனர். அதே நடைபாதையில் வேறொருவர் கடைத்தூணைப் பற்றிக்கொண்டு கண்களை மூடி நிற்கின்றார் எனக் கொள்ளலாம். அவர் கையில் கோல் இல்லை. ‘காலையிலேயே குடித்துவிட்டார் போலும்’ என்று எண்ணி விலகிச் செல்வோரே பலராவர். முன்னவரின் குறைக்குச் சான்று உண்டு. பின்னவரின் துன்பத்திற்கு அவர் சொல்லையன்றி வேறு சான்றில்லை.

இனி, கிள்ளானிலிருந்து நாள்தோறும் இரயிலேறிக் கோலாலம்பூருக்குப் பணிக்கு வரும் ஓர் ஆசிரியையை எண்ணிப் பார்க்கலாம். வண்டி வளைவில் திரும்பும்போது அவருக்குத் தலை சுற்றுகின்றது. இடைநிலையத்தில் இறங்கி அமர்ந்துவிடுகின்றார். வீட்டில் ஒருவர் பித்தம் என்கின்றார். ஒருவர் கண்ணேறு என்கின்றார். மற்றொருவர் மனக்கவலை என்கின்றார். ‘நேற்று நன்றாகத்தானே இருந்தார்!’ என்னும் முணுமுணுப்பு ஆசிரியர் அறையில் எழுகின்றது. மருத்துவ விடுப்புச் சீட்டுகள் சேரச் சேர அவர்மீதுள்ள நம்பிக்கை குறைகின்றது. இறுதியில், ‘எல்லாம் என் கற்பனைதானோ?’ என்று அவரே தம்மை ஐயுறத் தொடங்குகின்றார். தலைச்சுற்றல் சில மணி நேரத்தில் நீங்கும். இந்த ஐயமோ எளிதில் நீங்குவதன்று. ஒருவர் தம் உடல் கூறும் செய்தியையே நம்ப முடியாத நிலைக்குத் தள்ளப்படுவது நோயினும் கொடிது.

காரணம் காணப்படவில்லை என்பது வேறு. காரணமே இல்லை என்பது வேறு. இவ்வேறுபாட்டை மருத்துவ வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது. 1726ஆம் ஆண்டில் ‘கலிவரின் பயணங்கள்’ என்னும் நூலை வெளியிட்ட ஜொனாதன் சுவிஃப்ட், இளமை முதலே தலைச்சுற்றலாலும் பின்னர்ச் செவிட்டுத்தன்மையாலும் துன்புற்றார். அளவிறந்து ஆப்பிள் தின்றதே காரணம் என அவர் நம்பினார். உண்மைக் காரணத்தை உரைக்க அவர் காலத்து மருத்துவத்தால் இயலவில்லை. 1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் புரோஸ்பர் மெனியே என்னும் மருத்துவர், இத்தகைய சுழற்சி மூளையிலிருந்தன்றி உட்செவியிலிருந்தும் தோன்றக்கூடும் என்று எடுத்துரைத்தார். அதற்குமுன் அதனை மூளையில் குருதி மிகுந்ததன் விளைவாகக் கருதிக் குருதியை வடித்து வந்தனர். உட்செவியின் சமநிலை உறுப்புகளை ஆராய்ந்த ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு வழங்கப்பெற்றது. உட்செவியில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம் பெயர்வதாலும் தலை சுற்றும் என்பது பின்னர் விளங்கியது. தலையை முறைப்படி திருப்பி அப்படிகங்களை மீண்டும் உரிய இடத்தில் சேர்க்கும் எளிய வழியை 1992ஆம் ஆண்டில் ஜான் எப்லி விரிவாக வெளியிட்டார். தலைவலியின்றியும் ஒற்றைத் தலைவலி நோய் சுழற்சியாக வெளிப்படலாம் என்பதை ஏற்கும் வரையறை 2012ஆம் ஆண்டில்தான் வகுக்கப்பட்டது.

மெனியே கண்டறிந்த நாளில் அந்நோய் பிறந்துவிடவில்லை. அதற்கு முந்தைய நாள் துன்புற்றவரும் உண்மையாகவே துன்புற்றார். இன்று பெயரின்றி இருக்கும் துன்பத்திற்கும் இது பொருந்தும்.

‘சான்றின்றி நம்பினால் பொய்யர் பயன் பெறாரோ?’ என்று சிலர் வினவலாம். பெறக்கூடும். ஆயினும், பொய்யர் ஒருவரை நம்புவதால் விளைவது பெரும்பாலும் ஒரு நாள் விடுப்பின் இழப்பு. மெய்யர் ஒருவரை நம்ப மறுப்பதால் விளைவதோ ஒரு மனிதரின் தன்னம்பிக்கை இழப்பு. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையாகாது. மேலும், துன்பத்தை நம்புதல் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களையெல்லாம் நம்புதல் அன்று. நம்பிய பின்னரும் காரணத்தைத் தேடலாம், தேடவும் வேண்டும். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவை தலைச்சுற்றலுடன் திடுமெனத் தோன்றின், அது மூளையில் நேர்ந்த வாதமாக இருக்கக்கூடும். அந்நிலையில் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என வகுக்கின்றார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. பேணுபவரையும் மருத்துவத்தின் உறுப்பாகவே அவர் வைத்த நுட்பம் எண்ணத்தக்கது. காரணம் புலப்படாத நோயில் மருத்துவர் விடை காணாது நிற்கின்றார். மருந்தும் பயன் தாராது நின்றுவிடுகின்றது. அப்போது எஞ்சுவோர் நோயுற்றவரும் பேணுபவருமே. பேணுபவரின் முதல் தொண்டு கஞ்சி கொடுப்பதன்று, நம்புவதே. பத்துமலையின் 272 படிகளில் ஏறும்போது, ‘வரமாட்டாயா?’ என்று ஏளனம் செய்யாமலும், ‘வரவே வேண்டா’ என்று தடுத்து முடக்காமலும், ஒரு படி பின்னே துணையாக ஏறுபவரே பேணுதலின் பொருளை உணர்ந்தவர் ஆவார்.

நோயுற்றவர்க்கும் கடன் உண்டு. தம் சொல்லை நம்புமாறு வேண்டுபவர், பிறர் உயிரைக் காக்கும் பொருட்டுத் தம் விருப்பத்தைத் தாமே கட்டுப்படுத்துதல் வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சுழற்சி வரும் காலத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையில் வாகனம் ஓட்டாதிருத்தல் கோழைமையன்று, அறமேயாகும். விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டு மெனியே நோயால் பறக்கும் தகுதியை இழந்து, பல ஆண்டுகள் தரையிலிருந்தே பணியாற்றினார். அறுவை மருத்துவத்திற்குப் பின் தகுதி பெற்று 1971ஆம் ஆண்டில் நிலவில் நடந்தார். எல்லார்க்கும் அத்தகைய மீட்சி வாய்ப்பதில்லை. ஆயினும், அஞ்சி ஓரிடத்திலேயே முடங்குவோரைவிட, மருத்துவர் காட்டிய பயிற்சியின்படி மெல்ல அசைந்து நடப்போரின் மூளை, சமநிலையை மீண்டும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. எனவே, ஆடும் தரையில் அளவறிந்து எடுத்துவைக்கும் அடியும் ஒரு மருந்தாகின்றது.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் வெண்கோலுக்கு வழிவிடும் பண்பு போற்றத்தக்கது. கோலின்றித் தூணைப் பற்றி நிற்பவரிடம் நெருங்கி, ‘சற்று உட்காருகின்றீர்களா?’ என்று வினவும்போதே அப்பண்பு முழுமை பெறும். அவர் அமர்ந்து, சுழற்சி அடங்கிக் கண் திறக்கும்போது, அருகில் ஒருவர் பொறுமையுடன் நின்றுகொண்டிருத்தல் வேண்டும். காரணத்தை மருத்துவம் இன்றோ நாளையோ கண்டறியட்டும். கைகொடுப்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை.